வீடு நமது, காகிதம் எங்கே?

தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து, சேமநிதிப் பணத்தை எடுத்து, வங்கியில் கடனும் பட்டு ஒரு மலிவு விலை வீட்டை வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது இரண்டு அறை போதும் என்றிருந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனது. தோட்டத்தில் தனியாக இருந்த பாட்டியையும் அழைத்து வர வேண்டியதாயிற்று. ஆகவே பின்னால் உள்ள காலி இடத்தை அடைத்துச் சமையலறையை நீட்டுகிறோம். முன்னால் கார் நிறுத்தும் இடத்தை மூடி ஓர் அறை போடுகிறோம். இதில் தவறே இல்லை. குடும்பம் பெருகினால் வீடும் பெருகத்தான் வேண்டும்.

ஆனால் இந்த வேலை நம் தாமான்களில் எப்படி நடக்கிறது? தெரிந்தவர் ஒருவர் ஒரு குத்தகையாளரை அழைத்து வருகிறார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார். பெர்மிட் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் வேணாம் லா அண்ணே! இந்த வரிசையில யார் எடுத்திருக்கா? பிளானுக்கு ஒரு காசு, கவுன்சிலுக்கு ஒரு காசு, அப்புறம் மாசக் கணக்கா காத்துக் கிடக்கணும். நான் ரெண்டு வாரத்துல முடிச்சிக் கொடுத்துடுறேன்" என்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

அந்தத் தலையாட்டலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் இன்றைய கேள்வி.

காகிதம் இல்லாமல் இழந்தவர்கள் நாம்

இந்த நாட்டில் ஆவணம் இல்லாததால் இந்தியர்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. மூன்று, நான்கு தலைமுறைகள் பால் மரம் வெட்டிய தோட்டங்களில் நமக்கென்று ஓர் அங்குல நிலம்கூட எழுதி வைக்கப்படவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு லயத்து வீடும் போனது. பினாங்கின் கம்போங் புவா பாலாவை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மாடு வளர்த்துப் பால் விற்று, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போராடின. 2009இல் அங்கும் தோற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்று சட்டம் கேட்கவில்லை. கையில் என்ன காகிதம் இருக்கிறது என்றுதான் கேட்டது.

அந்த அநீதியை நாம் இன்றும் கண்டிக்கிறோம். ஆனால் அதிலிருந்து ஒரு பாடத்தையும் படித்திருக்க வேண்டும். இன்று நம் பெயரில் பட்டா இருக்கிறது. வாங்கல் ஒப்பந்தம் இருக்கிறது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற வீட்டுக்குள், அனுமதி இல்லாத ஒரு சுவரை நாமே எழுப்பி, அதிகாரிகளின் கையில் நம் குடுமியைக் கொடுக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. புது வீடு கட்டுவது மட்டும் இதில் அடங்குவதில்லை. இருக்கும் வீட்டை நீட்டுவதும், சுவரை இடித்து மாற்றுவதும், குடியிருக்கும் வீட்டைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றுவதும் இதற்குள் வரும். மீறினால் நீதிமன்றம் 50,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அனுமதியில்லாத பகுதியை இடிக்கச் சொல்லும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு. தண்டனை அந்த எல்லைக்குப் போவது அபூர்வம் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. ஆனால் நோட்டீஸ் நம் பெயருக்குத்தான் வரும். குத்தகையாளர் அதற்குள் கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார்.

சாயம் பூசுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது, தரைக்கு மார்பிள் போடுவது போன்ற சில்லறை வேலைகளுக்குப் பொதுவாக வரைபடம் தேவைப்படாது. கூரை, சுவர், தூண், வடிகால் இவற்றைத் தொடும் வேலை என்றால் முதலில் மன்றத்தின் கட்டடப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். மன்றத்துக்கு மன்றம் நடைமுறை மாறும். அதனால் பக்கத்து ஊர் உறவினர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

விதிகள் ஏன் இருக்கின்றன?

வீடு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் சொல்கின்றன. மலாயில் உண்டாங்-உண்டாங் கெச்சில் பங்ஙுனான் செராகாம் என்பார்கள். தடித்த புத்தகம். படித்தால் தூக்கம் வரும். ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது.

குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு ஜன்னல் வெளிச்சம் வர வேண்டும் என்பது ஒரு விதி. 100 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி ஜன்னல் என்று கணக்கு. நாம் சமையலறையைப் பின்னால் நீட்டும்போது என்ன ஆகிறது? முன்பு வெட்டவெளியைப் பார்த்திருந்த படுக்கையறை ஜன்னல் இப்போது புதுச் சமையலறைக்குள் திறக்கிறது. வெளிச்சமும் காற்றும் நின்று விடுகின்றன. தாளிக்கும் புகை நேராகப் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் போகிறது. புகையோடு நின்றால் பரவாயில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தோம்பு கசிந்தால் வாயு மேலே போகாது. தரையோடு தவழ்ந்து அடைபட்ட அறைக்குள் தேங்கும். விடியற்காலையில் அம்மா எழுந்து விளக்குச் சுவிட்சைத் தட்டினால் போதும்.

வரிசை வீடுகளில் இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் குறைந்தது 200 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், அது கூரைக்கு மேலேயும் எழும்பி நிற்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் விதி சொன்னது. ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது என்பதற்காகத்தான். அனுமதியில்லாமல் நீட்டிய பகுதிகளிலோ ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி, பக்கத்து வீட்டுக் கூரையோடு தகரத்தை ஒட்டி விடுகிறார்கள். ஒரு வீட்டில் தீ என்றால் அந்த வரிசைக்கே ஆபத்து.

மண்ணையும் மறந்து விடுகிறோம். பல இடங்களில் வீட்டின் பழைய பகுதி ஆழமாக இறக்கிய பைலிங் மீது நிற்கிறது. நீட்டிய பகுதியோ இரண்டடி தோண்டிய மண்ணில் நிற்கிறது. ஓரிரு மழைக்காலம் போனால் பழையது அப்படியே இருக்கும், புதியது இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்த வீடுகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! பின்பக்கக் கழிவுநீர்க் குழியை மூடி அதன்மேல் சமையலறை போட்டவர்களின் கதை வேறு. குழி அடைத்துக் கொண்டால் போட்ட மார்பிளை உடைத்துத்தான் திறக்க வேண்டும். அதுவரை அந்த நாற்றம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல மலிவு விலை அடுக்குமாடிகளில் சில சுவர்களே மேல் மாடிகளின் எடையைத் தாங்குகின்றன. இரண்டு அறையை ஒன்றாக்குகிறேன் என்று ஒரு சுவரை இடித்தால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினையோடு நிற்காது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகள், புதுப்பிப்பு வேலைக்கு முன் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கின்றன. தேவைப்படும் இடத்தில் மன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

ஒரு தடுப்புச் சுவர் செய்த கொடுமை

2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் கிராமாட் பகுதியில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீப்பிடித்தது. 23 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். ஜன்னல்களில் கிரில் இருந்தது. வெளியேறும் வழியைத் தீ அடைத்திருந்தது. முதலில் அந்த மாடியிலிருந்து இரண்டு வழிகள் இருந்திருக்க வேண்டும், இடையில் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் ஒரு வழியை மறைத்துவிட்டது என்று அப்போது தீயணைப்புத் துறையினர் கூறினர்.

இறந்த பிள்ளைகள் எந்த இனம், எந்தச் சமயம் என்பதல்ல இங்கே பேச்சு. எல்லாப் பெற்றோருக்கும் வயிறு ஒன்றுதான். வரைபடத்தைப் பார்த்து ஒருவர், "இங்கே சுவர் வந்தால் பிள்ளைகள் எந்த வழியாக ஓடுவார்கள்?" என்று கேட்கும் வாய்ப்பு அங்கே இல்லாமல் போனது. அனுமதி வாங்குவது என்பதே அந்தக் கேள்வியை ஒருவர் கேட்பதற்குத்தான்.

நம் வீடுகளைப் பாருங்கள். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில், முன் கதவுக்கு இரண்டு பூட்டு, பின் கதவுக்கு ஒரு பூட்டு. சாவி அப்பாவின் கால்சட்டைப் பையில். இரவு 3 மணிக்குப் புகை சூழ்ந்தால் பாட்டி எதைத் தேடுவார்? குறைந்தது ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்கட்டும். அதன் சாவி, வெளியே இருந்து கைக்கு எட்டாத, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும்.

மின்சாரமும் அப்படியே. புது அறைக்குப் பழைய பிளக்கிலிருந்தே வயர் இழுத்து, அதில் குளிர்சாதனம், துணி துவைக்கும் இயந்திரம், மின்சாரச் சோற்றுப்பானை எல்லாவற்றையும் மாட்டுகிறோம். வயரிங் வேலையை மின்சார ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். சுடுநீர் ஹீட்டர் உள்ள குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு, 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள். அந்த பிரேக்கரில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழாவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள்.

பணக் கணக்கும் பார்ப்போம்

"உயிர் போகிற பேச்சு வேண்டாம், செலவைச் சொல்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். அனுமதியில்லாத பகுதியை அவர் மதிப்பில் சேர்க்காமல் விடலாம். 30,000 வெள்ளி போட்டுக் கட்டிய அறைக்குக் கணக்கில் மதிப்பே இல்லாமல் போகும். தீக் காப்புறுதி எடுத்தவர்களும் பாலிசியைப் படியுங்கள். நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் வீட்டை மாற்றியிருந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதைக் காரணம் காட்டிக் குறைக்கவோ மறுக்கவோ முடியும். சுவர் விழுந்து பக்கத்து வீட்டாருக்குச் சேதமானால் வழக்கு நம்மீது வரும். கையில் அனுமதிக் கடிதம் இல்லாதவர் நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. நாளைக்கு இந்த வீடு பிள்ளைகளுக்குப் போகும்போது இந்தத் தலைவலியும் சேர்ந்தே போகும்.

முத்திரை மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லியாக வேண்டும். 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். தகுதிக்குச் சான்று பெற்ற கட்டடம்தான் அது. வழக்கு விசாரணையில், கட்டடக் கலைஞரின் வேலையைச் செய்தவர் உண்மையில் வரைபடம் வரைபவராகப் பதிந்தவர் மட்டுமே என்பது வெளியே வந்தது. அவர்மீதும் பொறியாளர்மீதும் உயர் நீதிமன்றம் பழி சுமத்தியது. ஆனால் ஊராட்சி மன்றத்தின் கதை? அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆவது பிரிவு மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் பொருள் நமக்குத் தெளிவாக இருக்க வேண்டும். வரைபடத்தில் முத்திரை குத்திய மன்றத்தின்மீது நாளை நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவது எளிதல்ல. ஆகவே வரைபவர் யார், பொறியாளர் யார், அவர்கள் உண்மையிலேயே பதிந்தவர்களா என்பதை நாமேதான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஏழைக்கு ஒரு சட்டம், பெரியவருக்கு ஒரு சட்டமா?

மக்களை மட்டும் குறை சொல்லி முடித்தால் இந்தத் தலையங்கம் பாதி உண்மையாகிவிடும். 2006இல் கிள்ளானில், சட்டமன்ற உறுப்பினராகவும் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் இருந்த ஒருவர், கட்டட வரைபட அனுமதி இல்லாமல் பெரிய மாளிகை எழுப்பிய விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அனுமதி கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருந்தவரே அனுமதி வாங்கவில்லை! அபராதத்தோடு அந்த விவகாரம் ஓய்ந்தது. நம் தாமானில் ஒரு விதவைத் தாய் போட்ட தகரக் கூரைக்கு மட்டும் அமலாக்க அதிகாரிகள் லாரியோடு வந்தால், மக்கள் சட்டத்தை எப்படி மதிப்பார்கள்?

பலர் அனுமதி கேட்காததற்குக் காரணம் திமிர் அல்ல. பயமும் செலவும்தான். முகப்பில் கொடுக்கும் பாரம் புரியவில்லை. எந்த மேசைக்குப் போவது என்று தெரியவில்லை. இரண்டு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்தால் இரண்டு நாள் சம்பளம் போகிறது. இடையில் ஒருவர் வந்து "காப்பிக் காசு" கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். அதைக் கொடுப்பதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். ரசீது இல்லாத பணம் அனுமதி ஆகாது.

ஆகவே ஊராட்சி மன்றங்களிடம் நாம் கேட்பது இவைதான். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் பதில் என்பதைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுங்கள். மலிவு விலை வீடுகளுக்கு ஏற்ற மாதிரி வரைபடங்களை நீங்களே தயாரித்துக் குறைந்த விலைக்குத் தாருங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் முன்வந்து பதிய ஒரு கால அவகாசமும் தவணை முறையில் கட்டணமும் கொடுங்கள். சட்டத்தை அமல்படுத்தினால் மாளிகைக்கும் மலிவு விலை வீட்டுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

1. வேலை தொடங்கும் முன் மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போய் விசாரியுங்கள். மலாய் நன்றாகப் பேசும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

2. பதிந்த வரைபடக்காரரையோ கட்டடக் கலைஞரையோ அமர்த்துங்கள். பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தூண், கற்காரை வேலை என்றால் பொறியாளர் பார்க்க வேண்டும்.

3. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்த குத்தகையாளரைத் தேடுங்கள். "தெரிந்தவர்" என்பது தகுதி அல்ல.

4. என்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியக் கொடுங்கள்.

5. குத்தகையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எழுத்தும் ரசீதும் இருந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

6. ஏற்கெனவே அனுமதியின்றிக் கட்டியிருந்தால் ஒளிந்து கொள்ளாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி வரைந்து அனுமதி கேட்க வழி உண்டா என்று பதிந்த வரைபடக்காரரிடம் கேளுங்கள். சில பகுதிகளை மாற்றவோ உடைக்கவோ நேரலாம். நோட்டீஸ் வருவதற்கு முன் செய்தால் செலவும் அவமானமும் குறையும்.

7. அனுமதிக் கடிதம், முத்திரையிட்ட வரைபடம், ரசீது எல்லாவற்றையும் வீட்டுப் பட்டாவோடு ஒரே கோப்பில் வையுங்கள். நகல் ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்துக் கூரை ஒழுகினால் நிர்வாகத்தைக் கேட்டோம். தொழிலாளிக்குத் தரமான வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. இன்று நம் வீட்டுக்கு நாமே முதலாளி. உரிமை நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதே. ஆவணம் இல்லாதவன் என்று இனி எவனும் நம்மைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அடுத்த முறை குத்தகையாளர் "பெர்மிட் வேணாம் லா" என்றால், "எனக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள்.